இடாப்பில் ஒரு வரி

சென்ற தவணையில் எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினாவைக் கொண்டுவந்தான். 'பிளாக்செயின்' என்னும் புதுவகைக் கணினிப் பேரேட்டைப் பற்றி அவன் எங்கோ வாசித்திருக்கிறான். "சேர், அந்தப் பேரேட்டில் எழுதப்படுவதைச் சரியென்று ஒப்புக்கொள்வோருக்கு 'வலிடேட்டர்' என்று பெயராம். அவர்களுள் யாருக்கு எவ்வளவு வாக்குப் பலம் என்பதை அவரவர் கட்டிவைத்த பணம் தீர்மானிக்கிறதாம். அது நியாயந்தானா?" என்று கேட்டான். நான் வரலாறு கற்றவன். கணினி என் துறையன்று. ஆயினும் அவன் கேட்டது கணினியைப் பற்றிய வினாவாக எனக்குப் படவில்லை. நமது மலைநாட்டின் நூறாண்டு வரலாற்றையே அவன் அறியாமல் கேட்டுவிட்டான் என்று தோன்றிற்று.

முதலில் அந்தப் புதுப் பேரேட்டை எளிமையாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகம் தலைவர் ஒருவரிடம் மாத்திரம் இருக்குமானால், இரவோடிரவாக ஓர் இலக்கத்தை அவர் மாற்றிவிடலாம். ஒவ்வொரு லயத்திலும் அதன் பிரதி ஒன்று இருந்து, ஒவ்வொரு பக்கத்திலும் முந்திய பக்கத்தின் அடையாளம் பொறிக்கப்பட்டிருக்குமானால், பழைய பக்கத்தை எவரும் மறைவாகத் திருத்த இயலாது. 2009ஆம் ஆண்டில் தோன்றிய பிட்கொயின் இவ்வகையின் முதற் பேரேடு. எதீரியம் என்னும் மற்றொரு பேரேட்டில், 2022ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் முதல், புதிய பக்கங்களைச் சரிபார்க்கும் பொறுப்பு பிணைப்பணம் கட்டியோரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் 32 எதர் நாணயங்களைப் பிணையாக வைக்கவேண்டும் என்பது விதி. கட்டப்பட்ட பிணையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரித்தால் ஒரு பக்கம் இறுதியாகிறது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பக்கங்களுக்கு ஒருவரே ஒப்பமிட்டால் அவருடைய பிணையில் ஒரு பகுதி பறிபோகும். அவரும் பொறுப்பிலிருந்து நீக்கப்படுவார்.

பணமுடையோனுக்கே வாக்கு என்பது இலங்கைக்குப் புதிதன்று. 1931க்கு முன்னர் சட்டசபைக்கு வாக்களிக்கும் உரிமை படிப்பும் சொத்தும் வருமானமும் உடையோருக்கே இருந்தது; அவர்கள் நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வர் அளவினரே. அந்த முறையை ஒழித்தது 1928இல் வெளிவந்த டொனமூர் ஆணைக்குழுவின் அறிக்கை. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நாம் வாசல் வழியே வெளியேற்றிய ஒன்று இப்போது கணினியின் சாளரம் வழியே உள்ளே வந்திருக்கிறது என்று அம்மாணவனிடம் கூறினேன். அவன் சிரித்தான். ஆனால் அவனுடைய வினாவுக்கு அது பாதி விடைதான்.

மறுபாதிக்கு நாம் தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்துக்குச் செல்லவேண்டும்.

தோட்டத்தில் 'பேர்' என்னும் சொல்லுக்கு உள்ள பொருளை நகரத்து நேயர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். அங்கே பேர் என்றால் ஒரு நாட் கூலி. கொழுந்தின் நிறை போதுமானால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்னும் வருகை இடாப்பில் கணக்கப்பிள்ளை ஒரு கோடு இட்டால் அன்றைய உழைப்பு நடந்தது, இடாவிட்டால் நடக்கவில்லை. மலையேறி இறங்கிய கால்களோ நிரம்பிய கூடையோ சாட்சியாகா. ஒருவனுடைய வாழ்வு, பிறர் எழுதி, பிறர் சரிபார்க்கும் ஓர் ஏட்டில் இருக்கிறது என்னும் பாடத்தை எங்கள் மக்கள் வாக்குரிமை வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே கற்றிருந்தார்கள்.

செக்ரோலைப் போன்ற மற்றொன்று துண்டு. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவன் பேரிலுள்ள கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார். அதுவே துண்டு. புதிய தோட்டம் அக்கடனைப் பெரிய கங்காணியிடம் கொடுத்து ஆளைப் பெற்றுக்கொள்ளும். தோட்டம் மாறும் தோறும் கடன் வளர்ந்தது. அதில் எழுதப்பட்ட தொகை சரியானதா என்பதைக் கடனாளி மாத்திரம் அறியான்; ஏனெனில் அவனுக்கு வாசிக்கத் தெரியாது. 1921ஆம் ஆண்டின் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இந்த ஏற்பாட்டில் ஒப்பமிடுவோர் ஒருவரல்லர் என்பதைக் கவனிக்கவேண்டும். கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை என்று மூவர் பார்த்தார்கள். மூவர் பார்த்த கணக்கு ஒருவர் பார்த்த கணக்கைவிடப் பத்திரமானதன்றோ என்று கேட்கத் தோன்றும். ஆனால் மூவரும் ஒரே தோட்டத்தின் வருமானத்தை நம்பியிருந்தவர்கள். மூன்று கையொப்பம், உண்மையில் ஒரே கை.

இதே குறை கணினிப் பேரேட்டிலும் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளிப்பட்டது. ரோனின் என்னும் வலையமைப்பில் பணத்தை வெளியே அனுப்ப ஒன்பது உறுதிப்படுத்துநர்களுள் ஐவரின் ஒப்புதல் வேண்டியிருந்தது. ஆனால் அவற்றுள் நான்கு திறவுகோல்கள் ஒரே நிறுவனத்திடம் இருந்தன. ஐந்தாவதன் சார்பில் ஒப்பமிடும் அனுமதி, முன்னர் ஒரு வேலைக்காக அதே நிறுவனத்துக்கு வழங்கப்பட்டுத் திரும்பப் பெறப்படாமல் கிடந்தது. திருடர் ஒரு வீட்டுக்குள் நுழைந்து ஐந்து ஒப்பங்களையும் பெற்றனர். அறுநூறு மில்லியன் டொலருக்கு மேல் பறிபோயிற்று. ஒன்பது பேர் காவல் என்பது பெயரளவிலேயே இருந்தது.

நேயர்களே, இனி வாக்குரிமைக்கு வருகிறேன். 1931இல் இந்நாட்டில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது என்று நம் பாடநூல்கள் எழுதுகின்றன. மலைநாட்டுக்கு அது அவ்வளவு எளிதாக வந்துவிடவில்லை. இந்திய வழிவந்தோர் இந்நாட்டையே தமது நிலையான வதிவிடமாகக் கொண்டமையை மெய்ப்பிக்கவேண்டும். அன்றேல் படிப்பும் சொத்தும் காட்டவேண்டும். அன்றேல் ஐந்தாண்டு வசித்தமை காட்டி, நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் ஒன்றைப் பெறவேண்டும். அச்சான்றிதழைப் பெறுவோர் இந்தியர் என்ற வகையில் தமக்கிருந்த விசேட பாதுகாப்புகளைத் துறக்கவேண்டியிருந்தமையால் அதனை நாடியோர் சிலரே.

ஆயினும் இடாப்பு திறந்தது. 1931இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற பெரி. சுந்தரம் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். 1936இல் அதே தொகுதியில் கோ. நடேசய்யர் வென்றார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த அவர், தோட்டத்துக்குள் வெளியார் நுழைய முடியாதிருந்த காலத்தில் துணி வியாபாரி போல் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் பாட்டாலும் பேச்சாலும் தொழிலாளரைத் திரட்டினார். 1931இல் இலட்சம் அளவினதாயிருந்த இந்திய வாக்காளர் தொகை 1939இல் ஏறத்தாழ 225,000 ஆயிற்று. அதன்பின் ஒரு விந்தை நிகழ்ந்தது. 1943இல் அத்தொகை ஏறத்தாழ 168,000 ஆகக் குறைந்தது. சட்டம் மாறவில்லை, மக்களும் மறைந்துவிடவில்லை. நிலையான வதிவிடம் என்னும் சொற்றொடரை 1940 முதல் பதிவதிகாரிகள் முன்னையினும் இறுக்கமாகப் பொருள்கொண்டார்கள், அவ்வளவே. எழுதுகோல் பிடித்த கை சற்று இறுகியபோது ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் இடாப்பிலிருந்து உதிர்ந்தன. பிற்காலத்தில் வரப்போவதற்கு இது ஒரு முன்னறிவிப்பாக இருந்தது. அன்று அதனைச் சரியாக வாசித்தவர்கள் அதிகம் பேரில்லை.

1947ஆம் ஆண்டுத் தேர்தல் எங்கள் மக்களின் நினைவில் ஒரு திருவிழாவாக நிற்கிறது. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், தெரிவு செய்யப்பட்ட 95 ஆசனங்களுள் ஏழைக் கைப்பற்றிற்று. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா ஆகியோர் வென்றவர்களுட் சிலர். வேறு பல தொகுதிகளிலும் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குச் சாதகமாக விழுந்தன என்பதும், அதுவே ஆட்சியாளரின் கலக்கத்துக்கு ஒரு காரணம் என்பதும் வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. என் பாட்டனார் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டியவர். அன்று வெள்ளை வேட்டி கட்டி வாக்களிக்கச் சென்றதை இறக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதுவே அவர் அளித்த முதல் வாக்கு; அதுவே கடைசியும்.

அடுத்த ஈராண்டில் மூன்று சட்டங்கள் வந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தவரும் தம் தந்தை இங்கு பிறந்தமையை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமையை மெய்ப்பிக்கவேண்டும் என்றது. தோட்டங்களிற் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறாத ஒரு தலைமுறையிடம் பூட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பூட்டன்மார் நாட்டின் எல்லாக் கிராமங்களிலும் இருந்தார்கள். ஆனால் அங்கெல்லாம் எவரும் அதைக் கேட்கவில்லை. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கு விண்ணப்ப வழி ஒன்றைத் திறந்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், பிரசைகள் மாத்திரமே தேருநர் இடாப்பில் இருக்கலாம் என்று கதவைச் சாத்திற்று.

விண்ணப்பிப்போர், மணமானவராயின் 1946 சனவரி 1க்கு முன் தொடர்ச்சியாக ஏழாண்டும், மணமாகாதவராயின் பத்தாண்டும் இங்கு வசித்தமையைக் காட்டவேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே சென்றிருந்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். மனைவி மக்களும் இங்கேயே வாழ்ந்தமைக்குச் சான்று வேண்டும். சான்று எங்கே கிடைக்கும்? செக்ரோலில், அஃதாவது தோட்டக் கந்தோரில். சம்பளத்துக்காகத் துரையோடு வழக்காடிய தொழிலாளி, தன் நாட்டுரிமைக்கான சான்றையும் அதே துரையின் மேசையில் நின்று கேட்கவேண்டியவனானான். இலங்கை இந்தியக் காங்கிரசும் தன் பங்குக்கு ஒரு பிழை செய்தது என்று நான் கருதுகிறேன். தொடக்கத்தில் விண்ணப்பங்களைப் பகிஷ்கரிக்கச் சொல்லிவிட்டு, காலம் முடியும் தறுவாயில் விண்ணப்பிக்கும்படி மாற்றிச் சொன்னது. 1951 ஆகஸ்ட் 5ஆம் நாளோடு காலம் முடிந்தபோது, எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்காக ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. ஆற அமர நிரப்பவேண்டிய படிவங்கள் மண்ணெண்ணெய் விளக்கடியில் அவசரமாக நிரப்பப்பட்டன. 1960களின் தொடக்கம் வரையில் அவற்றின் வழியே பிரசாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 134,000 பேர். என் பாட்டனார் அவர்களுள் ஒருவரல்லர். தங்கையின் திருமணத்துக்காகத் திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக்குச் சென்றவர், காய்ச்சலில் விழுந்து பதினான்கு மாதம் கழித்துத் திரும்பியிருந்தார்.

இந்த ஏற்பாட்டை எதிர்த்து ஒரு வழக்கும் நடந்தது. ருவான்வெல்லத் தொகுதியில் கோடாக்கன் பிள்ளை என்பவரின் பெயரைப் பதிவதிகாரி சேர்க்க மறுத்தார். மீளாய்வு அதிகாரியாயிருந்த சிவஞானசுந்தரம், எந்தச் சமூகத்துக்கும் விசேட இடையூறு விளைக்கும் சட்டத்தைத் தடுக்கும் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவை எடுத்துக்காட்டி, அப்பெயர் சேர்க்கப்படவேண்டும் என்று தீர்மானித்தார். உயர் நீதிமன்றம் அதனை இரத்துச் செய்தது. 1953இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. விண்ணப்ப வழி ஒன்று திறந்திருக்கிறதே என்பது அதன் நியாயங்களுள் ஒன்று. கீழ்நிலை அதிகாரி ஒருவர் அரசியலமைப்பை விரித்து வைத்துக்கொண்டு, இந்த வரி செல்லும் என்று எழுதத் துணிந்தார் என்பதை நான் ஒவ்வோராண்டும் வகுப்பில் சொல்வதுண்டு. தோற்றுப்போன தீர்ப்புகளும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

வாக்குரிமை இழந்தோரின் கதையோடு இது முடிந்துவிடவில்லை. நம்மவர் பலர் கவனியாத ஒரு பகுதி உண்டு. தொகுதிகளை வகுக்கும்போது வாக்காளர் தொகையை அல்ல, மக்கள் தொகையையே கணக்கில் எடுத்தார்கள். 1946இலும் அவ்வாறே, 1959இலும் அவ்வாறே. ஆகவே இடாப்பிலிருந்து நீக்கப்பட்ட தோட்ட மக்கள், ஆசனங்களைக் கணக்கிடுவதற்கு மாத்திரம் மக்களாக எண்ணப்பட்டார்கள். 1952 மே மாதத் தேர்தலில் தலவாக்கலை, கொட்டகலை போன்ற தொகுதிகளின் இடாப்புகள் சில ஆயிரம் பெயர்களாகச் சுருங்கியிருந்தன. அந்தச் சில ஆயிரம் பேரின் வாக்கு, தலைக்குத் தலை, கொழும்பு வாக்காளரின் வாக்கினும் பன்மடங்கு கனத்தது. தோட்டத் தொழிலாளியின் வாக்குப் பலம் காற்றில் கரைந்துவிடவில்லை. அருகிலிருந்தவரின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. பங்கு வைத்தோருட் பலரை வெளியேற்றினால் எஞ்சியோரின் பங்கு தானாக உயரும் என்று இன்று கணினி வல்லுநர் எச்சரிப்பதும் இந்தக் கணக்கையே. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் காங்கிரஸ் கொழும்பிலே சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. மாதக்கணக்கில் நடந்தும் இடாப்பு அசையவில்லை. 1947இல் ஏழு பேரை அனுப்பிய அமைப்பு, 1952இல் ஒருவரையும் அனுப்பவில்லை.

பின்வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரைப் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ள. அந்தப் பின்னவரையும் 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். எவருடைய வாக்கும் கேட்கப்படவில்லை; வாக்குத்தான் இல்லையே. என் பாட்டனார் 1972இல் எந்த நாட்டினருமாகாமல் காலமானார். 1977இல் மூன்று உறுப்பினரைக் கொண்ட நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து தொண்டமான் தெரிவானார். முப்பதாண்டுக்குப் பின்னர் மலையகத் தொழிலாளரின் பிரதிநிதி ஒருவர் தேர்தல் வழியே பாராளுமன்றம் புகுந்தார். 1984இல் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் போரினால் நின்றது. இந்தியா செல்லவேண்டியவர்களாக எழுதப்பட்ட பலர் இங்கேயே தங்கினர். 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் என் தந்தையார் ஒரு சத்தியக் கடதாசி கொடுத்துப் பிரசையானார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

எஞ்சியோருக்கு விடிவு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வசித்த இந்திய வழியினரும் அவர்தம் சந்ததியினரும் பிரசையாகலாம் என்றது அச்சட்டம். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஆணையகமும் அரசாங்கமும் தொண்டர்களும் தோட்டந்தோறும் முகாம் அமைத்தார்கள். பத்தே நாட்களில் ஏறத்தாழ 190,000 பேர் பிரசாவுரிமை பெற்றார்கள். முன்னர் பத்தாண்டுக்கு மேலாகியும் எட்டு இலட்சத்துக்கு விடை காணாத அலுவல், இப்போது பத்து நாளில் முடிந்தது எப்படி? மக்கள் அதே மக்கள். அவர்களிடமிருந்த கடதாசிகளும் அதே கடதாசிகள்தாம். மெய்ப்பிக்கும் சுமை எவர் தோளில் இருந்தது என்பதே மாறிற்று. 1951இல் விண்ணப்பித்தவன் பொய்யன் என்று வைத்துக்கொண்டு தொடங்கினார்கள். 2003இல் மெய்யன் என்று வைத்துக்கொண்டு தொடங்கினார்கள்.

அம்மாணவனுக்கு நான் கூறிய மறுபாதி விடை இதுவே. எதீரியத்தில் தவறாக ஒப்பமிடுபவன் தன் பிணையை இழக்கிறான். அந்த ஒரு விதியை நான் மெச்சுகிறேன். என் பாட்டனாரின் விண்ணப்பத்தைத் தள்ளிய கைக்கு, அந்த முடிவு தவறென்றாலும் ஒரு சதமேனும் நட்டமில்லை. நட்டம் முழுவதும் எழுதப்பட்டவனுக்கே, எழுதியவனுக்கு எதுவுமில்லை. அவன் உடனே, "அப்படியானால் சேர், நீங்களும் ஒரு வலிடேட்டர்தானே?" என்றான்.

மெய்தான். பாடசாலை மாணவர் தேசிய அடையாள அட்டை பெறுவதற்கான படிவத்தில் அதிபரே உறுதிப்படுத்தி ஒப்பமிடவேண்டும். அந்த அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்திலும் சங்கடம். பின்னர் வாக்குச்சாவடியிலும் சங்கடம். சில ஆண்டுகளுக்கு முன்னர், பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் சேர்வு இடாப்பில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டிருந்த ஒரு பையனின் படிவத்தை நான் திருப்பியனுப்பினேன். விதிப்படி நான் செய்தது சரி. அவன் திரும்பி வரவில்லை. கொழும்பில் ஒரு கடையில் அட்டையில்லாமல் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அதற்காக என் சம்பளத்தில் எதுவும் குறையவில்லை.

அதன்பின் நான் தனியே முடிவெடுப்பதில்லை. வகுப்பாசிரியரும் உப அதிபரும் உடனிருந்து பார்ப்பார்கள். பெயர் பொருந்தாவிட்டால் படிவத்தைத் திருப்பாமல் பெற்றோரை அழைப்போம். சென்ற கிழமை பதினேழு படிவங்கள் என் மேசைக்கு வந்தன. பதினாறில் ஒப்பமிட்டேன். பதினேழாவதில் பிறப்புப் பத்திரம் முத்துலெட்சுமி என்கிறது. எங்கள் இடாப்பு லெட்சுமி என்கிறது. தாயாருக்குச் சொல்லியனுப்பினேன். கொழுந்து நிறுத்து முடிந்ததும், லயத்துக் காம்பிராவில் பாட்டி காலத்திலிருந்து வைத்திருக்கும் தகரப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வருவதாகப் பதில் வந்திருக்கிறது.